சிவப்பு இழை

சின்னச் சட்டத் தறியில் கடைசி நான்கு வரிசைதான் கஷ்டம். அதுவரை ஊசி தானாக ஓடும். பிறகு நெடுக்கே ஓடும் பாவு நூல் விறைத்துக்கொள்ளும், ஊசியைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் முப்பது வருடம் கவாத்து வெட்டிய என் கைக்கே வலிக்கும். என் மருமகள் கயல் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

உட்கார்ந்து எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்பத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயலின் அம்மா ராமுத்தாய் பழனிசெட்டிபட்டியில் ராட்டையில் நூல் நூற்கிறவர். படிப்பு இல்லை. மிச்சம் விழும் நூலைச் சேர்த்து மகளுக்குக் கொடுத்தனுப்புவார். மகள் அதை உள்ளங்கை அகலச் சட்டத்தில் சதுரம் சதுரமாக நெய்வாள். மாதம் ஒரு முறை நான் கூடலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோவேன். அவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துப் போர்வை ஆக்கிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் கல்யாணம். மறுவீடு முடிந்து கிளம்பும்போது, கதவுக்குப் பின்னால் ராமுத்தாய் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்லா இருந்தா வெள்ளையாவே நெய்யி ஆத்தா. முடியலைன்னா நடுவுல ஒரு செவப்பு ஓட்டு. மறு பஸ்ல அங்கன வந்து நிப்பேன்."

நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகன் வேல்பாண்டியின் முதல் சம்சாரம் ஆறே மாதத்தில் தாய் வீட்டுக்குப் போனவள். பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

வேல்பாண்டி ஜீப் ஓட்டுகிறான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்குகிறவன். களைத்து வருவான். கை நீட்டுவான். ஆனி மாதமே கயலுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டான். ஆனால் குடிக்கமாட்டான், வேலைக்கு மட்டம் போடமாட்டான். இவளும் போய்விட்டால் மூன்றாவதாக யார் பெண் கொடுப்பார்கள்? நானும் அடி வாங்கியவள்தான். நான் யாருக்கும் நூல் அனுப்பியதில்லை.

ஆடியில் கயல் கொடுத்த சதுரத்தில் ஒரு சிவப்பு இழை வந்தது. அதை எடுப்பது பெரிய வேலை இல்லை. சிவப்பின் நுனியில் வெள்ளை நூலைக் கட்டி மெதுவாக இழுக்க வேண்டும். சிவப்பு வெளியே வர வர, அதே வழியில் வெள்ளை உள்ளே போகும். கையால் நூற்ற நூலில் முறுக்கு ஒன்றுபோல இருக்காது, தடித்த இடத்தில் தட்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பஸ் கம்பம் வருவதற்குள் முடித்தேன். ஆவணியில் இரண்டு. புரட்டாசியில் மூன்று. அன்று சின்னமனூர் வரை ஆனது.

ராமுத்தாய் ஒவ்வொரு சதுரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"பால் கணக்கா இருக்கு பாருங்க மதினி. எம் மக பொழச்சுக்கிட்டா." பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுப்பார்.

திரும்பி வந்தால் கயல் வாசலில் நிற்பாள்.

"அம்மா பாத்தாகளா அத்தை?"

"பாத்தாக."

"என்ன சொன்னாக?"

"நெசவு சுத்தமா இருக்குன்னாக."

அதில் பொய் ஒன்றும் இல்லை. புரட்டாசியில் அதைக் கேட்டபின் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

ராமுத்தாய் கொடுத்தனுப்பிய நூல் மூட்டையில் மீதி இருந்த சிவப்பை எல்லாம் அடுப்பில் போட்டேன். ஐப்பசிச் சதுரத்தில், அவளுடைய கல்யாணப் பட்டுச் சேலையிலிருந்து பிரித்த சிவப்பு இழை ஒன்று இருந்தது. பட்டு தட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மறுவாரம் வேல்பாண்டி தள்ளியதில் அம்மிக்கல்லில் அவள் தலை பட்டது. அவன்தான் தள்ளினான் என்று அவனே சொல்லிவிட்டான். நூல் விஷயம் அவனுக்குத் தெரியாது.

ராமுத்தாய் பாதி முடிந்த போர்வையைக் கொண்டுவந்து மகளின் உடல் மேல் போர்த்தினார்.

"ஒரு செவப்புகூட வரலையே மதினி. ஒண்ணே ஒண்ணு வந்திருந்தா ஓடியாந்திருப்பேனே."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

கயலை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஏழு இழை உருவினேன். ஒன்றுகூட அறுபடவில்லை.