பாப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

ஆங்கிலத்தில் ஹார்ட் வேறு, ஹார்ட்லி வேறு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரு வால்தான் வித்தியாசம். 'ஐ வொர்க் ஹார்ட்' என்றால் நல்ல உழைப்பாளி. 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்றால் வேலையே செய்யாத ஆள். நன்றாகப் படித்தவர்களே இதில் வழுக்குவதுண்டு. அதனால் என் தங்கை வழுக்கியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. தலை வாரி, சோறு ஊட்டி, காய்ச்சலில் பக்கத்திலேயே கிடந்து ஆளாக்கியது நான். எனக்கு வந்த வரன்களை அவளுக்காகவே தட்டிக் கழித்தேன். பிழைப்புக்காக இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தபோது அவளையும் கையோடு கூட்டிவந்தேன். கீழே தையல் கடை, மேலே ஒரே அறை. வாடிக்கையாளர்களிடம் நான் பேசுவேன், அளவெடுப்பேன். அவள் உள்ளே மிஷினில் உட்கார்ந்து பேண்டுக்கு ஓரம் மடிப்பாள், ஜிப் மாற்றுவாள். யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் உடனே என் முகத்தைப் பார்ப்பாள். கூட்டத்தில் குழந்தை கையைப் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரிப் பார்வை.

ஒருநாள், "அக்கா, எனக்கும் இங்கிலீஷ் சொல்லிக்குடேன்" என்றாள்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"எப்பவும் நீயே எனக்காகப் பேசிட்டிருக்கணுமா? உனக்கும் அலுக்கும்ல."

எனக்கு அலுத்ததே இல்லை. ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குக் கற்பூர புத்தி. சீக்கிரமே கடை வாசலில் நின்று தபால்காரரோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று கேட்டால் "சும்மாதான்க்கா" என்றாள். அதுவரை எனக்குத் தெரியாத 'சும்மா' எதுவும் அவளிடம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சில சொற்களை இடம் மாற்றினேன். எல்லாவற்றையும் அல்ல. எல்லாவற்றையும் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு அலுப்பாக இருக்கிறது என்பதற்கு 'ஐ ஆம் போர்ட்' என்று வரவேண்டும். நான் 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லிக்கொடுத்தேன். நான் ஒரு அறுவை என்று அதற்கு அர்த்தம். அவள் சொன்னதும் தபால்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாப்பா மேலே வந்து, அவர் ஏன் சிரித்தார் என்று கேட்டாள்.

"கேலி பண்றாங்க பாப்பா. நம்மள மாதிரி ஆளுங்கன்னா இளக்காரம்" என்றேன்.

என் மடியில் தலைவைத்து அழுதாள். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முடியைக் கோதிவிட்டேன். மனதுக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

பிறகு ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை கேட்டுப் போனாள். கடுமையாக உழைப்பேன் என்பதை எப்படிச் சொல்வது என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டு போனாள். முதலில் சொன்னேனே, அந்த ஹார்ட்லியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை. நான் சூடாகக் கஞ்சி வைத்துக்கொடுத்தேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சோபாக்காரர் வரும்வரை. பழைய சோபாக்களுக்குப் புது உறை போட்டு விற்கிறவர். அவருக்குப் பேச்சு முக்கியமில்லை. பாப்பா தைத்த கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக உள்ளே போய் அவளிடமே, சைகையும் சொல்லுமாக, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டார். பட்டறைக்குப் பின்னால் தங்க அறையும் உண்டு என்றார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. 'யெஸ்' என்றாள்.

பெட்டி கட்டும்போது சொன்னாள்: "அக்கா, ஹார்ட்லின்னா வேற அர்த்தமாமே? சோபாக்காரர் சொன்னாரு."

"அப்படியா? மாத்திச் சொல்லிட்டேன் போல."

"பரவால்லக்கா. உனக்கும் மறக்கும்ல."

அவளுக்கு என்னைச் சந்தேகப்படத் தெரியாது. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

அவள் போன பிறகு அறையில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். மூடினாலும் அதே சுவர்தான். இதே அறையில் இத்தனை வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்தேன். நான் இருந்தேன், அதனால் இருந்தாள். வேறென்ன?

ஒரு சாயங்காலம் போன் செய்தாள்.

"அக்கா, சோபால பழைய பசையத் துடைக்கணும். அதுக்கு ஒரு டின்ல ஏதோ தண்ணி மாதிரி இருக்கு, மேல இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கு. அவரு வெளிய போயிருக்காரு. இங்க குளிர் தாங்கல. பக்கத்துல ஹீட்டர் போட்டுக்கலாமா?"

இந்தச் சொல்லிலும் பலர் ஏமாறுவார்கள். ஃப்ளேமபிள் என்றாலும் இன்ஃப்ளேமபிள் என்றாலும் ஒன்றுதான், தீப்பிடிக்கும். நான் அதைச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பாடம் நடத்தினேன்.

"இன்விசிபிள்னா என்ன பாப்பா?"

"கண்ணுக்குத் தெரியாது."

"இன்கரெக்ட்?"

"சரியில்ல."

"ஃப்ளேம்னா தீ. இப்போ நீயே சேர்த்துப் பாரு."

"ஓ. அப்போ தீப்பிடிக்காது!" அவள் குரலில் எவ்வளவு சந்தோஷம். "தேங்க்ஸ்க்கா."

போனை வைத்துவிட்டு ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்தேன். திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போன் மேஜைமேல்தான் இருந்தது. கை லேசாகச் சுட்டுக்கொள்வாள், பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிடுவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பொத்தானை நன்றாக இறுக்கித் தைத்து, நூலைப் பல்லால் கடித்தேன்.

எனக்கே ஆங்கிலம் தெரிந்தாலும், போலீஸ் வாக்குமூலம் என்பதால் இந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா என் பேச்சை உங்களுக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கிறார். குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் சற்றுமுன் 'ஆக்ஸிடென்ட்' என்றார். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அந்த டின் தீப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஹீட்டர் பக்கத்தில்தான் அவள் உட்காருவாள் என்றும் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தீயில் வெந்த அவள் விரல்கள் இனி பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். பரவாயில்லை. நான் ஊட்டிவிடுவேன், தலை வாரிவிடுவேன். எனக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவள் என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நான் அவள் அறைக்குள் போனதும் அவள் "நோ சிஸ்டர், நோ சிஸ்டர்" என்று கத்தியது உண்மைதான். கட்டுப்போட்ட கைகளை முகத்துக்கு நேரே தூக்கியதும் உண்மைதான். ஆனால் எங்கள் பேச்சில் நர்ஸையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் வேண்டாம் என்றது பக்கத்தில் நின்ற நர்ஸைத்தான். நர்ஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னாள், வலி தாங்காமல் என்ன செய்கிறோம் என்றே தெரிந்திருக்காது.

இந்த இரண்டு சிஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் பிடிபடாது. என்னை ஒரே ஒரு தடவை அவளிடம் விடுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டு, ஒரு வார்த்தை மாற்றாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.