அழுத்தி மட்டுமே பிடித்தேன்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது, அய்யா. ஏட்டையாவின் கையெழுத்தும் அழகுதான். ஆனால் ‘கொலை செய்தேன்’ என்று அவர் எழுதியிருப்பது சரியில்லை. பாடம் நடத்துகிறவன் தப்பான வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போடக்கூடாது. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் கலைச்செல்வன், சொந்த ஊர் சாலவாக்கம். கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாக்டீரியா தன் உடம்பைவிடப் பல மடங்கு நீளமான டி.என்.ஏ.வை உள்ளே வைத்திருக்கிறது. அதை வளைத்து, மடித்து, சிக்காமல் அடுக்கச் சில புரதங்கள் உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்பதையும் அவைதான் பார்த்துக்கொள்கின்றன. அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேறு உயிரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மரபணுவை அது அடையாளம் கண்டு, மேலே படுத்து அழுத்திவிடும். வெட்டாது. சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். என் தங்கை திவ்யாவுக்கு இந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

அவள் வசந்த்குமாரைக் கட்டிக்கொண்டாள். உத்திரமேரூரில் மருந்துக்கடை வைத்திருந்தவன், எங்கள் ஊர் காலனிக்காரன். தங்கமான பையன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் அப்பன் முனியன் எங்கள் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டியவன். எங்கள் வீடு ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்ட வீடு. அது கலையக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் கிடையாது.

கோபம் ஆறிவிட்டது என்று சொல்லி இருவரையும் விருந்துக்கு அழைத்தேன். கறி வெந்துகொண்டிருந்தது. திவ்யா அம்மாவோடு அடுப்பங்கரையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பம்ப்செட்டில் ஒரு குளியல் போடலாம் என்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். நடவுக்காகக் கழனியைச் சேறாக்கி வைத்திருந்தோம். வரப்பில் எனக்குக் கால் வழுக்கித் தடுமாறியது.

“வய்க்கும் மச்சான், கைய புடிங்க,” என்றான்.

பிடித்தேன். அந்தக் கையைப் பின்னால் முறுக்கியதும் தோள்பட்டை கழன்ற சத்தம் கேட்டது. சேற்றில் குப்புற விழுந்தான். முதுகில் ஏறிப் படுத்து, முழங்கையைப் பிடரியில் ஊன்றி முகத்தை உள்ளே அழுத்தினேன். ஒரு முறை தலையைத் தூக்கிவிட்டான். வாயும் மூக்கும் சேறாக இருந்ததால் என்ன சொல்ல வந்தான் என்று புரியவில்லை. மறுபடி அழுத்தினேன். கால்கள் அடித்த அடியில் வரப்பு சரிந்தது. அதற்கப்புறம் சத்தம் இல்லை. உடம்பு மட்டும் எனக்குக் கீழே சூடாகவே இருந்தது. நான் கத்தி எடுத்துப் போகவில்லை, எதையும் வெட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைகால் கழுவி வீட்டுக்கு வந்து, இலை போடச் சொன்னேன்.

நேற்று ஸ்டேஷனுக்குத் திவ்யா வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டாள்.

“ஒடம்பு சூடு பட்டா அந்தப் புரோட்டீன் புடிய வுட்டுடும்னு நீதானே சொல்லிக்குடுத்த. நீ ஏன்ணா வுடல?”

பாடத்தை இன்னும் மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் மாசமாக இருப்பதையும் அப்போதுதான் சொன்னாள். இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டாளாம். கோபத்தில் பேசுகிறாள், வந்துவிடுவாள். 

ஒரே ஒரு வேண்டுகோள், அய்யா. காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் என்னை வெளியே விட ஏற்பாடு செய்யுங்கள். ஊசி பட்டதும் குழந்தை திமிறும். அசையாமல் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரியும்.