சபைக்குப் போகாத சுரங்கள்

செவியுடையோரே, வாருங்கள்! முன்வரிசை நாற்காலிகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன; அமருங்கள். உழைக்கும் ஒரு கைக்கு நேர்ந்த அநீதிக்கு உங்களைச் சாட்சியாய் அழைக்கிறோம். மேடையில் நிற்பவள் ஒரு மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டார்க்காரி. பிள்ளைப்பேறு முடிந்து சில மாதங்களுக்கு முன்புதான் வேலைக்குத் திரும்பியவள். அரங்கின் மறுகோடியில், மிக்ஸர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் ஒலியமைப்பாளர். பின்னர் வரவிருக்கும் குழுத்தலைவர் அவளுடைய அக்காள் கணவர். அவர்கள் பேசட்டும். நீங்கள் கேளுங்கள்.

பேஸ்காரி: …இப்ப கேக்குதா?

ஒலியமைப்பாளர்: எங்கே?

பேஸ்காரி: நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான், அண்ணே. என் காலடி மானிட்டர்ல எனக்கு நல்லாவே கேக்குது. சபைக்குப் போற பெரிய ஸ்பீக்கர்ல வருதா?

ஒலியமைப்பாளர்: ம்… கேபிளை ஒரு தடவை மாத்திப் பாரேன்.

பேஸ்காரி: மாத்தியாச்சு. நான் எப்பவும் ரெண்டு கேபிள் கொண்டு வருவேன். ஒண்ணு வாசிக்கறதுக்கு, ஒண்ணு உங்க வாயை அடைக்கறதுக்கு.

ஒலியமைப்பாளர்: வாய்க் கொழுப்பு மட்டும் குறையலை. சரி, அந்த டி.ஐ. பெட்டி? கிட்டார்லேருந்து எனக்கு லைன் வர்றதே அது வழியாத்தானே. வாடகைக்குக் குடுக்கிற பெட்டியெல்லாம் நோஞ்சான் பெட்டி…

பேஸ்காரி: வாடகைப் பெட்டியை நம்பி யாராவது மேடை ஏறுவாங்களா? இது என்னோடது. ஓசையைப் பெருக்குற ஆம்ப் படுத்துட்டாலும் இந்தப் பெட்டி இருந்தா நிகழ்ச்சி ஓடிடும். வேற?

ஒலியமைப்பாளர்: தந்தி? புதுசு போல மின்னுது. புதுத் தந்தி முதல் நாள் சுருதி நிக்காதும்மா.

பேஸ்காரி: நாலு நாள் முன்னாடியே மாட்டி, இழுத்து இழுத்து விட்டு, பழக்கி வச்சிருக்கேன். நிகழ்ச்சி அன்னைக்குப் புதுத் தந்தி மாட்டறதும், கல்யாணத்தன்னைக்குப் புதுச் செருப்பு போடறதும் ஒண்ணு. கடிச்சு வச்சிடும். வேற?

ஒலியமைப்பாளர்: இந்த அரங்கத்துல கீழ் சுரம் மூலைக்கு மூலை முழங்கும். ஆம்ப்பைச் சுவரோட ஒட்டி வைக்காதே.

பேஸ்காரி: ரெண்டு அடி தள்ளித்தான் இருக்கு. எழுந்து நின்னு பாருங்க. கீழ் ஒலியையும் குறைச்சாச்சு. டிரம்ஸ்காரர் தாளம் மிதிக்கிற வலது கால் எனக்குத் தெரியற மாதிரி நிக்கறேன். காதுக்கு அடைப்பான் இருக்கு. எக்ஸ்டென்ஷன் போர்டு என்னோடது. யாரும் தடுக்கி விழாம ஒயருக்கு மேல டேப் ஒட்டியாச்சு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?

ஒலியமைப்பாளர்: அந்தப் பழைய ஆம்ப்பை எங்கே காணோம்?

பேஸ்காரி: இடுப்பு ஒடியுதுன்னு நீங்கதானே சின்னதுக்கு மாறச் சொன்னீங்க.

ஒலியமைப்பாளர்: பாத்தியா! என் பேச்சைக் கேட்டதால இடுப்பு மிஞ்சிச்சு.

பேஸ்காரி: இடுப்பு மிஞ்சிச்சு. ஓசைதான் எங்கே போகுதுன்னு புரியலை. அண்ணே, மேசையில என் சேனலைக் கொஞ்சம் தூக்குங்க. ஒரே ஒரு சுரம் அடிக்கறேன், சபையில எப்படிக் கேக்குதுன்னு சொல்லுங்க.

ஒலியமைப்பாளர்: ம்… அடி.

பேஸ்காரி: …கேட்டுச்சா?

ஒலியமைப்பாளர்: கேட்டுது, கேட்டுது. கச்சிதமா இருக்கு. தொடாதே, அப்படியே வச்சுக்க.

பேஸ்காரி: முழக்கம் இல்லையே?

ஒலியமைப்பாளர்: துளிகூட இல்லை.

பேஸ்காரி: நான் தந்தியைத் தொடவே இல்லை, அண்ணே.

ஒலியமைப்பாளர்: விளையாட்டுக்கு இதுதான் நேரமா? பாடகர் மைக் இருக்கு, கீபோர்டு இருக்கு, தலைக்கு மேல வேலை கிடக்கு…

பேஸ்காரி: நான் விளையாடலை. போன நிகழ்ச்சியில என்ன நடந்துச்சுன்னு சொல்லட்டுமா? இது பேட்டரி போட்ட கிட்டார். பேட்டரி செத்தா ஓசையும் செத்துடும்.

ஒலியமைப்பாளர்: அதுக்குத்தான் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி போடுன்னு… வாசிக்காதப்போ கேபிளைக் கழட்டி வை, செருகியிருந்தா பேட்டரி சும்மாவே கரையும்னு… எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!

பேஸ்காரி: சொன்னீங்க. அன்னைக்குச் சவுண்டு செக் முடிஞ்சதும் குழந்தை அழுதா. பால் குடுக்க ஓடினேன். கேபிளைக் கழட்ட மறந்துட்டேன். மூணாவது பாட்டு நடுவுல பேட்டரி செத்துடுச்சு.

ஒலியமைப்பாளர்: ஐயையோ… அப்படியா?

பேஸ்காரி: மானிட்டர் கப்சிப். விரல் ஓடுது, ஓசை இல்லை. பாட்டு இதோ தொபுக்கடீர்னு விழப்போகுதுன்னு நிமிர்ந்து பாக்கறேன்… விழலை. மேடைப் பலகை அதிருது. முன்வரிசையில ஒரு அம்மா கால் தட்டிக்கிட்டே இருக்காங்க. நான் வாசிக்காத பேஸ் ஜம்முனு போயிட்டிருக்கு. நிகழ்ச்சி முடிஞ்சு அந்த அம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. “அந்த மூணாவது பாட்டுல பின்னிட்டேம்மா”ன்னாங்க. கையை எங்கே வச்சுக்கறதுன்னே தெரியலை எனக்கு.

ஒலியமைப்பாளர்: அன்னைக்கே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே.

பேஸ்காரி: இப்ப கேக்கறேன். எத்தனை நாளா என் சேனலை மூடி வச்சிருக்கீங்க?

ஒலியமைப்பாளர்: இதோ பாரு, நான் உத்தரவுக்கு வேலை செய்யறவன்…

பேஸ்காரி: அண்ணே.

ஒலியமைப்பாளர்: …நீ குழந்தை பெத்துத் திரும்பி வந்த முதல் நிகழ்ச்சியிலேருந்து.

பேஸ்காரி: ஒரு நிகழ்ச்சியிலகூடத் திறக்கலையா?

ஒலியமைப்பாளர்: உன் மானிட்டருக்கு மட்டும் விடுவேன். சபைக்குக் கம்ப்யூட்டர்ல முன்னாடியே பதிஞ்சு வச்சிருக்கிற பேஸ் டிராக் போகும்.

பேஸ்காரி: டிரம்ஸ்காரருக்குத் தெரியுமா?

ஒலியமைப்பாளர்: டிராக்கோட தாளம் தப்பாம இருக்கக் காதுல கிளிக் ஓசையை மாட்டிக்கிட்டுத்தானே வாசிக்கறார். தெரியாம இருக்குமா?

பேஸ்காரி: பாடகருக்கு?

ஒலியமைப்பாளர்: தெரியும்.

பேஸ்காரி: ஆக, வேன் ஓட்டறவர் வரைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஒலியமைப்பாளர்: வேன்காரருக்குத் தெரியாது.

பேஸ்காரி: அப்பாடா! ஒரு துணை கிடைச்சுது.

ஒலியமைப்பாளர்: எனக்கு மட்டும் இனிக்குதா? நீ உயிரைக் குடுத்து வாசிப்ப. நான் இங்கே உன் சேனலைப் பாக்காம அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.

பேஸ்காரி: “உன் கை தளர்ந்துபோச்சு, தாளம் பின்னால இழுக்குது, சபையிலேருந்து குறை வருது”ன்னு மாமா ஒவ்வொரு தடவையும் சொன்னாரே. ஒரு காலால தொட்டிலை ஆட்டிக்கிட்டே வீட்டுல சாதகம் பண்ணினேன். விரல் நுனி கொப்புளிச்சு, வெடிச்சு, மறுபடி கொப்புளிச்சுது. என் கையை நானே நம்பாம ஆயிட்டேன், அண்ணே. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் ஓசை சபைக்கே போகலைன்னா, அவங்க எதைக் கேட்டுக் குறை சொன்னாங்க?

ஒலியமைப்பாளர்: …இதை நான் யோசிக்கவே இல்லை.

குழுத்தலைவர்: எதை யோசிக்கலை? என்ன இங்கே மாநாடு? சவுண்டு செக் முடிஞ்சுதா இல்லையா?

பேஸ்காரி: வாங்க மாமா. முடிஞ்சிடுச்சு. நான் தொடாத சுரம்கூடக் கச்சிதமா கேக்குதாம்.

குழுத்தலைவர்: …யோவ், சொல்லிட்டியா?

ஒலியமைப்பாளர்: அவளே கண்டுபிடிச்சுட்டா, தலைவரே.

குழுத்தலைவர்: சரி, தெரிஞ்சா தெரியட்டும். இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? சபைக்கு வேண்டியது சுத்தமான ஓசை. டிராக் தடுமாறாது. அசதின்னு சொல்லாது. பிள்ளைக்குக் காய்ச்சல்னு பாதியில ஓடாது.

பேஸ்காரி: பின்னே என்னை எதுக்கு மேடையில நிக்க வச்சிருக்கீங்க?

குழுத்தலைவர்: வெறும் கம்ப்யூட்டரை வச்சா பாக்கறவங்களுக்கு நல்லாவா இருக்கும்? கையில கிட்டாரோட ஒரு பொம்பளை நின்னா மேடைக்கே ஒரு எடுப்பு.

பேஸ்காரி: துணிக்கடை வாசல்லகூட ஒரு பொம்மை நிக்குது மாமா, எடுப்பா. அதுக்குக் கொப்புளம் வராது.

குழுத்தலைவர்: பேச்சை வளக்காதே. உன்னை நிறுத்தினா உங்க அக்கா என்னைச் சும்மா விடுவாளா? வீட்டுல காலை வைக்க முடியுமா நான்?

பேஸ்காரி: ஓகோ. அக்கா வாயை மூட ஒரு நாடகம், என் கையை மூட ஒரு நாடகம். நானே வெறுத்துப்போய் விலகிடணும்னுதானே அந்தக் குறையெல்லாம் கட்டிவிட்டீங்க?

குழுத்தலைவர்: கட்டிவிடலை. ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னாங்க…

பேஸ்காரி: யாரு? என்ன கேட்டுச் சொன்னாங்க?

குழுத்தலைவர்: …குறுக்கு விசாரணை பண்ணாதே. டிராக் அளவுக்கு நீ வாசிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

பேஸ்காரி: அதை வாசிச்சது யாரு மாமா?

குழுத்தலைவர்: வெளியூர்ல ஒரு பெரிய கை. உனக்குத் தெரியாது.

பேஸ்காரி: பேரு?

குழுத்தலைவர்: பேர் தெரிஞ்சு என்ன பண்ணப்போற? போய்க் கால்ல விழப்போறியா?

ஒலியமைப்பாளர்: விழலாம், தலைவரே, தப்பே இல்லை. பொய் சொல்ல மாட்டேன்மா, அந்த வாசிப்பு வாசிப்புதான். குறிப்பா மூணாவது பாட்டு. ரெண்டாவது சரணம் முடியற இடத்துல ஒரு சுரம் விழணும். எல்லாரும் அங்கே டொம்முனு போட்டுடுவாங்க. அவர் போட மாட்டார். ஒரு கணம் சும்மா விட்டுட்டு, அடுத்த சுரத்துல வந்து இறங்குவார். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். அதுக்குப் பேர்தான் ஞானம்.

குழுத்தலைவர்: யோவ், உன்னை யாரு கேட்டா?

பேஸ்காரி: சொல்லட்டும் மாமா. நல்ல வாசிப்பைப் பத்திக் கேக்க எனக்குப் பிடிக்கும்.

குழுத்தலைவர்: போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். அதோ பாரு, கதவைத் திறந்துட்டாங்க. ஆளுங்க உள்ளே வர்றாங்க. இன்னைக்கு வழக்கம்போல நில்லு. மீதியை வீட்டுல பேசிக்கலாம்.

பேஸ்காரி: வீட்டுப் பேச்சு வீட்டுல. இது வேலை. வேலைப் பேச்சை வேலை நடக்கிற இடத்துலதான் பேசுவேன்.

குழுத்தலைவர்: குரலைத் தாழ்த்து. முன்வரிசையில ஆள் உக்காந்தாச்சு.

பேஸ்காரி: உக்காரட்டும். அண்ணே, என் சேனலைத் திறங்க.

குழுத்தலைவர்: யோவ், திறந்தே, நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை. மேசையிலேருந்து கையை எடு!

ஒலியமைப்பாளர்: எடுத்துட்டேன், தலைவரே. அதுக்கு முன்னாடி டிராக்கை இறக்கிட்டேன். அவ சேனலை ஏத்திட்டேன். அடிம்மா… ம். கேக்குது. இந்தத் தடவை நிஜமாவே கேக்குது.

குழுத்தலைவர்: …அறிவிப்பு மைக்கை எதுக்கு எடுக்கற? ஏய்! வை அதை… குடும்ப மானம் போயிடும்… சரி, சொல்லித் தொலை, உனக்கு என்னதான் வேணும்?

பேஸ்காரி: அவையோரே, வணக்கம். இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள் நான். சில மாதங்களாக என் கையைப் பார்த்து நீங்கள் தட்டிய கைதட்டல், கணினியில் இருக்கும் ஒரு பதிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாசித்த பெரிய கை யாருடையது என்று எங்கள் தலைவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். நிறைமாதத்தில், வயிற்றின் மேல் கிட்டாரைச் சாய்த்து வைத்து, “நீ விடுப்பில் இருக்கும்போது ஒத்திகைக்கு உதவும்” என்ற அவருடைய சொல்லை நம்பி, நான் வாசித்துக் கொடுத்த பதிவு அது. என் கருவி ஊமையாகிப்போன நாளில்தான் அது முதன்முறையாக என் காதில் தனியாக விழுந்தது. மூன்றாம் பாட்டில், சரணம் முடியும் இடத்தில் ஒரு சுரம் விழாமல் போகும். எங்கள் ஒலியமைப்பாளர் அதை ஞானம் என்கிறார். அந்த இடத்தில் என் மகள் உள்ளிருந்து உதைத்தாள், கிட்டார் துள்ளியது, என் விரல் தவறியது. என் ஓசையை எடுத்துக்கொண்டு, என் கையைப் பொய்யென்று என்னிடமே சொன்னார்கள். இதை இங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். இனி எந்த அரங்கில் நீங்கள் அமர்ந்தாலும், முதல் பாட்டு தொடங்குமுன் எழுந்து நின்று, மேடை அதிரக் கேளுங்கள்: “நாங்கள் கேட்கப்போகும் ஓசை, நாங்கள் பார்க்கும் கையிலிருந்துதான் வருகிறதா?” பதில் வரும்வரை ஒருவரும் கைதட்டாதீர்கள்!