தங்கம் தோண்டப் போனவருக்கு லீவு

வெள்ளிக்கிழமை மாலை, முசஃபாவிலிருந்து அபுதாபிக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் ஊரிலிருக்கும் மகளோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிப் போட்டிக்கு எழுதிய சரித்திரக் கதையை மகள் வாசித்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு தங்கம் தோண்டத் தூரதேசம் போன அப்பாவுக்காக ஒரு சிறுமி மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள்.

“கடைசியில கபீல் மனசு எறங்கி அவ அப்பாவுக்கு லீவு குடுத்துட்டாரு.”

“அடி கழுத! அந்தக் காலத்துல விசா குடுக்குற கபீலுக்கு எங்க போக? அவரா கெளம்பி வந்துற வேண்டியதுதான்.”

“லீவு கேக்காமலேயா?”

“ஆமா. நெனச்சா வரலாம்.”

“அப்ப ஏம்ப்பா அவரு மூணு வருசமா வரல?”

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

“கபீலே இருக்கட்டும் பாப்பா. மாத்தாத.”