மேற்குச் செவுத்துக்கு சிமென்ட்

குனிஞ்சு வாங்க தம்பி, உத்தரம்... அடடா, இடிச்சுக்கிட்டீங்களா! சரி, உக்காருங்க. இந்த ஊருக்குக் குடிவந்து மூணு வாரத்துல நெத்தி வீங்காதவன் ஒருத்தனும் கெடையாது. முந்நூறு வருசம் முந்தி இதைக் கட்டுனவன் நம்மளவிடக் குள்ளம், அவ்வளவுதான். டீயில பால் ஊத்தலாமில்ல?

எதுக்குக் கூப்பிட்டேன்னா, உங்க வாசல்ல சிமென்ட் மூட்டை அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுக்குத்தான். சேச்சே, பழைய வீட்டுல கை வைக்கறாங்கன்னு கவுன்சில்ல போய்ப் போட்டுக் குடுக்கிற ஆளு இல்ல நான். பக்கத்து வீட்டுக்காரனாச் சொல்றேன், பூசாதீங்க.

உங்க செவுரும் என் செவுரும் ஒரே மாதிரிதான். ரெண்டரை அடி கனம், பூரா களிமண்ணும் வைக்கோலும், மாட்டை விட்டு மிதிச்சுக் குழைச்சது. கல்லுன்னு பாத்தா அடியில முட்டி ஒசரத்துக்குத்தான் இருக்கும். பின்ன இங்கிலாந்துலேயே இந்த டெவன் பக்கத்து மழையில எப்படி நிக்குதுங்கறீங்களா? அது தண்ணியக் குடிக்கும், காத்தும் வெயிலும் பட்டா வெளிய விட்டுரும். அதனாலதான் மேல சுண்ணாம்பு மட்டும் அடிக்கறது. ஈஸ்டர் முடிஞ்ச வாரம் தெருவே வாளியும் பிரஷ்ஷுமா நிக்கும், அவனவன் கை வெந்துபோய்க் கெடக்கும்.

தெரியும் தம்பி. வீட்டுல ஈர வாடை, உங்க வீட்டம்மா வேற மாசமா இருக்காங்க. எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? என் சம்சாரம் மேவிஸுக்கு நெஞ்சுல சளி. ராப்பகலா இருமுவா, கேக்கவே சகிக்காது. அவளுக்குக் கதகதப்பா இருக்கட்டும்னுதான் ஒரு செப்டம்பர்ல மேற்குச் செவுரு பூரா சிமென்ட் பூசுனேன். ஆமா, நானேதான். ஊர்ல எல்லாரும் வேணாம்னாங்க. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஒம்போது நாள்ல முடிச்சேன். வழவழன்னு என்ன அழகுங்கறீங்க. அந்தக் குளிர்காலம் பூரா ஈர வாடையே வரல. என்னைக் கையில புடிக்க முடியல. மேவிஸ் ஆப்பிள் பை சுட்டுக் குடுத்தா.

நாலு வருசம் ஓடுச்சு. கூரை ஓரத்துல நூலு மாதிரி ஒரு விரிசல் விட்டிருக்கு, அது வழியா மழை உள்ள எறங்கிருக்கு. எறங்குனது திரும்பி வரணுமே? வழியத்தான் நான் அடைச்சு வச்சிருக்கேனே. வெளிய பாத்தா பாறை மாதிரி நிக்குது, உள்ள அடிச்செவுரு கஞ்சியாக் கொழஞ்சு போச்சு. அதான் சொல்றேன், மூட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துருங்க. என் வண்டியிலேயே ஏத்திக்கலாம். வந்து சுண்ணாம்பும் நானே அடிச்சுத் தாரேன்.

என்னது? விழுந்தா மறுபடி கட்டிக்கலாமா?

ம்... கட்டிக்கலாம்தான். நானும் கட்டிட்டேனே. அந்தா, படுக்கற ரூம்ல தெரியுது பாருங்க, செங்கல்லு. கட்டி முடிக்க ரெண்டு வாரம்கூட ஆகல.

மாடிப்படி ஏற முடியலன்னு மேவிஸோட கட்டிலை அங்கதான் எறக்கிப் போட்டிருந்தேன், அந்தச் செவுத்தை ஒட்டி. ரெஜ்னு என்னைக் கூப்பிட்டு, செவுரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது பாருன்னா. என் வயித்தை விடவான்னு கேட்டேன். சிரிச்சா. மறுநாளும் சொன்னா, பயமா இருக்கு, கட்டிலை அந்தப் பக்கம் நகத்திப் போடேன்னு. சிமென்ட் பூசின செவுரு, நீ பேசாமப் படுன்னு அதட்டிட்டேன். அப்புறம் மூஞ்சி வாடிப்போச்சேன்னு, சரி, ஞாயித்துக்கெழம நகத்தறேன்னேன்.

செவுரு வெள்ளிக்கெழம காலையில விழுந்துச்சு தம்பி. நான் கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தேன்.