கொடிமரத்துல காலக் கட்டினவன்

இந்தக் கதைய எனக்கு முதல் சொன்னது எங்கட வாப்பாதான், தனுசன். எழுபத்தெட்டுச் சூறாவளி ஊட்டுக் கூரையெல்லாம் கொண்டு போச்சே, அதுக்கு அடுத்த நோம்பு மாசத்துல. எனக்குப் பத்து வயசிருக்கும். இரி மகன், இரி. நிண்டுக்கிட்டு மாப்புக் கேட்டா அது மாப்பா? அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு இரி. இப்பதானே அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன. வெயில் கெடக்கு. காட்டு ஆன இப்பவா வயலுக்கு வரப்போகுது?

ஓம், அந்தப் படைப்போர்க் கதைதான். வாப்பா ராகம் போட்டுப் படிப்பார். ஒரு வீரன். சண்டைக்குப் போனவன் தன்ட கால தன்ட கொடிமரத்துலயே கயித்தால கட்டிப்போட்டானாம். என்னத்துக்கெண்டா, பயம் வந்தாலும் ஓட ஏலாதெண்டுதான். மத்தவனெல்லாம் கிறுகி, முதுகக் காட்டி ஓடுறான். இவன் நிக்கான். எட்டுற தூரத்துல வந்தவனையெல்லாம் வெட்டுறான். கடைசியில கட்டோடயே விழுறான். அந்த இடத்துல வாப்பாட குரல் கூரை ஓடு மட்டுக்கும் போவும். சுத்தி இரிக்கிற ஆம்புளையள் தொடையில அடிச்சு ஆஹா எண்டுவாங்க. நான் கேட்டன், அவன்ட உம்மா என்ன செஞ்ச வாப்பா எண்டு. வாப்பா சிரிச்சிட்டார். அது பாட்டுல இல்ல புள்ள எண்டார்.

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள். எனக்குத் தெரிஞ்ச ஒரே வீரன் அவன்தான். என்ட புள்ள றிபாத் சின்னனா இரிக்கக்குள்ள சோறு தீத்துறதுக்கும் அதத்தான் சொல்லுவன். ஒரு கவளத்துக்கு ஒரு வெட்டு. மேசக் காலுல என்ட முந்தானத் துண்டால தன்ட காலக் கட்டிக்கிட்டு நிப்பான். என்ட மகள் நஸ்லா பாவமெண்டு அவுத்து விட்டா அவளுக்கு அடிப்பான். எனக்குச் சிரிப்பு. அல்லா, எவ்வளவு சிரிச்சன்.

உனக்கும் சொன்னானா? காவல் பரணுல இரிக்கக்குள்ளயா? சொல்லுவான். வீரமுனைக்கு அங்கால பக்கத்துப் பக்கத்து வயல் எடுத்து ஒண்டாக் காவல் இரிந்தவங்கதானே நீங்க ரெண்டு பேரும். உன்ட உம்மா அனுப்புற சோத்தையும் அவன்தானே முதல் துறப்பான்.

இல்ல மகன், அதுக்கு நீ அழத் தேவல்ல. அண்டைக்கு விடியச் சுபஹ் நேரம், பனி மூட்டம், பரணோட காலக் குத்திச் சாச்சுப்போட்டு நிக்கி ஆன. நீ ரோட்டுப் பக்கம் பாஞ்சாய். அவனும் வாறானெண்டு நெனச்சாய். அதுல என்ன குத்தம்?

ஓம், இத நான் றிபாத் மவுத்தாகி நாப்பதாம் நாள் ஓதின கத்தத்துல எல்லாருக்கும் முன்னால சொல்லிரிக்க வேணும். சொல்லல்ல. நீ வாசல் கேற்றடியில நிண்டாய், ஒருத்தரும் இரியெண்டு சொல்லல்ல. சோத்துச் சகன் தட்டத் தூக்கிக்கிட்டுப் போன பொடியன்கள் உன்னச் சுத்திப் போனாங்க. நான் ஜன்னலால கண்டன்.

கடைக் கதையும் தெரியும். றவூப்ட தேத்தண்ணிக் கடைக்குள்ள நீ கால வெச்சா, மரதன் ஓட்டக்காரன் வாறான், வழிய விடுங்கடா எண்டுறாங்களாமே. ஒருத்தன் விசிலடிச்சு, ரெடி எண்டானாம். நேத்து நீ மேசையில அடிச்சுச் சொன்னதும் வந்திட்டு எனக்கு. இண்டைக்கு அந்திக்கு ஆன வாற அதே வரம்புல, வெடியும் இல்லாம வெளிச்சமும் இல்லாம நிக்கன், வந்து பாருங்கடா எண்டாயாம். வருவாங்க மகன். ரோட்டுல மோட்டச்சைக்கிள ஸ்டார்ட்டுல வெச்சிக்கிட்டு, போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டுப் பாப்பாங்க. ஆன கிட்ட வந்தா முதல் ஓடுறதும் அவங்கதான்.

தேத்தண்ணி ஆறுது, குடி. சீனி காணாட்டிச் சொல்லு. றிபாத்தும் ஓடினவன்தான்.

ஓம். ஓடினவன். நீ இந்தப் பக்கம், அவன் வாய்க்கால் பக்கம். கிட்டத்தட்ட வாய்க்கால் மட்டுக்கும் ஓடிரிக்கான் புள்ள.

மல்லாந்துதான் கெடந்தானா? நீங்க போகக்குள்ள மல்லாந்துதான் கெடந்திருப்பான். முதல் போனது என்ட தம்பி கச்சிமுகம்மது. மூச்சிரிக்கா எண்டு பாக்க அவன்தான் பெரட்டினவன். மையத்தக் குளிப்பாட்டினதும் அவன்தான். குளிப்பாட்டிப்போட்டு ஈரக் கையோட குசினிக்கு வந்து சொன்னான், ராத்தா, நெஞ்சுல ஒரு கீறலும் இல்ல, எல்லாம் முதுகுலதான் எண்டு. அவன்ட செருப்பு ஒண்டு, விழுந்த இடத்துக்குப் பத்தடி பின்னால வார் அறுந்து சேத்துக்குள்ள கெடந்ததாம். மறுகா ஆஸ்பத்திரிப் பேப்பர்லயா? ஆன அடிச்ச மவுத்தெண்டுதான் எழுதிரிக்கி. எந்தப் பக்கமெண்டு ஆர் கேட்ட?

நான் அழல்ல மகன். அந்த நேரம் எனக்கு வந்தது வெக்கம். என்ட புள்ள செத்துக் கெடக்கான், எனக்கு வெக்கம் வருது. தம்பிட கையப் புடிச்சுக் குர்ஆன்ல வெச்சு, ஆருக்கும் சொல்லமாட்டனெண்டு சத்தியம் வாங்கினன். அண்டைக்கு அந்திக்கே பொடியன்கள் கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால பெனர் கட்டிட்டாங்க, வரம்ப விட்டு நகராத வீரனெண்டு. ஆரெல்லாமோ வந்து, வீரனப் பெத்த உம்மா எண்டு என்ட கையப் புடிச்சாங்க. புடிக்கக்குள்ள ருசியா இரிந்திச்சு. உண்மைய மறைச்சா என்ன சொல்லுவாங்க, அவன் நிண்டானெண்டா நீ விட்டுட்டு ஓடினவனெண்டு வரும். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் இரிந்தன்.

என்ன? உன்ன நிப்பாட்டப் பொய் சொல்றனா?

தொழுறதுக்கு ஒளு எடுத்து இரிக்கன் மகன். இந்த வாயால பொய் சொல்லுவனா? இல்ல, சொன்னவள்தானே. நாப்பது நாளாச் சொன்னவள்தான். நீ நம்பாததுக்கு உன்னப் பேச எனக்கு வாயில்ல. தம்பிட்டக் கேட்டுப் பாக்கவா? கேளு. இல்லயெண்டுதான் சொல்லுவான். சத்தியம் வாங்கினவள் நான்தானே. இப்ப அவனுக்கும் மருமகன் வீரன், கடையில படம் மாட்டி வெச்சிரிக்கான்.

தொழுகையில சுஜூதுல தலைய வெச்சா துஆ ஒண்டும் வருதில்ல தனுசன். புள்ளைக்குக் கேக்கவா, எனக்குக் கேக்கவா எண்டு தெரியாமக் கெடக்கன்.

எழும்பிட்டாயா? தேத்தண்ணி அப்படியே கெடக்கு. உன்ட உம்மாக்கு நீ ஒருத்தன்தானே? அதச் சொன்னாலும் கேக்கமாட்டாய். நீ பாக்கிற பார்வையிலயே தெரியுது. றிபாத்தும் இப்படித்தான் பாப்பான், மேசக் காலடியில நிண்டுக்கிட்டு.

சரி, நான் மறிக்கல்ல. மறிக்க என்னால ஏலாது. ஒண்டு மட்டும் எனக்காகச் செய். அந்த றப்பர் செருப்ப இஞ்ச கழட்டி வெச்சிட்டுப் போ. ஈர வரம்பு, அது வழுக்கும், வார் அறும். வெறுங்காலோட போ மகன்.