அத்தைச் சால்

உடையங்கரிசலுக்கு அப்ப ரோடு கெடையாது, கரண்டு கெடையாது. டவுனுக்குப் போகணும்னா எட்டு மைல் நடக்கணும். வெள்ளக்காரன் கப்பல் ஏறிக் கொஞ்ச வருசம் ஆயிருந்துச்சாம். எத்தன வருசம்னு கேக்காதீங்க, எனக்குச் சொன்ன மனுசனுக்கே அது தெரியாது. அந்தக் காலத்துல இந்த ஊருல சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம்.

ஆளு குட்டை. வாயி மட்டும் ரெண்டு ஆளுக்கு உள்ளது. கல்யாணம் முடிஞ்ச நாலாம் வருசமே புருசன் போயிட்டான், புள்ளகுட்டி கெடையாது. ரெண்டு ஏக்கர் கரிசக்காடும் ஒரு சோடி மாடும் ரெண்டு ஆடும்தான் அவளுக்குச் சொத்தாம். மாட்டுல ஒண்ணு செவல, இன்னொண்ணு மயில. வருசா வருசம் அந்த மாட்டப் பக்கத்துக் காட்டுக்காரர் குமரையா ஓட்டிட்டுப் போவாரு. மொதல்ல தன் காட்ட உழுதுக்கிருவாரு, அப்புறம் இவ காட்ட உழுது கொடுப்பாரு. அது அவுகளுக்குள்ள உள்ள ஏற்பாடு.

சீனியம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அவரும் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாரு. அண்ணன் மகன் பேரு கொண்டல்சாமி. அப்பன் செத்த வீட்டுல மூணு ஏக்கர் காட்ட மட்டும் நம்பி என்ன பண்ணுறதுன்னு, அந்தப் பய பட்டாளத்துல சேந்துட்டான். மலைமேல ஒரு கேம்புல பயிற்சி. மாசி மாசம் கொடி முன்னால நின்னு சத்தியம் பண்ணுவானாம். கசம் பரேடுன்னு பேரு. அன்னைக்குத்தான் அவன் முழுப் பட்டாளத்துக்காரன்.

சேதி வந்ததும் சொந்தபந்தமெல்லாம் கெளம்பிருச்சு. அவன் அம்மாவுக்கு அக்கா புருசன், பெரியப்பன் மொறை, "நான் கைக்கடிகாரம் போடுறேன்"ன்னாராம். தாய்மாமன், "நான் மோதிரம் போடுறேன்"ன்னாராம். எல்லாரும் திரும்பி யாரப் பாத்தாக? சீனியம்மாவப் பாத்தாக. அத்தை சீரு என்னன்னு கேக்காம இந்த ஊரு ஒரு வாய் சோறு திங்காதே!

சீனியம்மா என்ன சொன்னா? "எம் மருமகனுக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியும், போங்க போங்க"ன்னாளாம். ஒரு எழவும் தெரியாது. வீறாப்பு.

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கெழம, கெடாய்க்குட்டி ஒண்ண சந்தையில வித்துட்டுக் கடைகடையா ஏறுனாளாம். பாத்திரக்கடைக்காரரு ஒரு கூஜாவ எடுத்து வச்சாரு. "இதுல காப்பி ஊத்துனா சாயங்காலம் வரைக்கும் சூடு ஆறாது தாயி."

"அவன் என்ன சாயங்காலம் வரைக்கும் காப்பி குடிக்கவா போயிருக்கான்?"

"அப்ப இந்த டிரங்குப் பெட்டி. பூட்டுப் போட்டது."

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"பெட்டிக்குள்ள என்னம்மா இருக்கும்? ஒண்ணும் இருக்காது."

"வெறும் பெட்டியக் கொடுத்தா அத்தை ஏமாத்திட்டாம்பாகளே!"

கடைக்காரரு கும்பிடு போட்டு அனுப்பி வச்சாராம். இப்படி ஏழு கடை. ஒண்ணும் அவ மனசுக்கு ஒட்டல. வெறுங்கையோட வந்து சேந்தா. சரி, பட்டாளத்துச் சங்கதியப் பட்டாளத்துக்காரங்கிட்டயே கேட்ருவோம்னு அவில்தார் சோலையப்பன் வீட்டுக்குப் போனாளாம்.

சோலையப்பன் பென்சன் வாங்கி வந்து ரெண்டு வருசம். மீசையெல்லாம் பெருசுதான், ஆளு பேசவே மாட்டாரு. அவரு காடு இருந்துச்சே, அது ஊருக்கே கேலி. முழங்கால் ஒசரத்துக்கு உடைமுள்ளு மண்டி, ஆடுகூட உள்ள போகாது.

"அண்ணாச்சி, பட்டாளத்துல சேந்த அன்னைக்கு உங்களுக்கு என்ன இல்லாமப் போச்சு? அதச் சொல்லுங்க, அத நான் எம் மருமகனுக்கு வாங்கிருதேன்."

சோலையப்பன் அவளத் திண்ணையில உக்கார வச்சாராம். அப்புறம் சொன்னாராம். "தட்டு, தம்ளரு, பூட்ஸு, கம்பளி, எல்லாத்தையும் சர்க்கார் கொடுத்துரும் தாயி. ஐப்பசி பெறந்து மானத்துல மேகம் ஏறுனா மட்டும் எங்களுக்கு இருப்புக் கொள்ளாது. கரிசக்காட்டுல ஈரம் மூணு நாளைக்கு. அந்த மூணு நாளைக்குள்ள ஊருல அவனவன் தன் காட்ட உழுவானா, ஊருல இல்லாதவன் காட்ட உழுவானா? நாலாம் நாளு எவனாவது எரக்கப்பட்டு ஏரக் கொண்டாருவான். அப்ப ஈரம் ஏது? ஒரு வருசம் நான் லீவு சொல்லாம ஓடியாந்துட்டேன். வந்து உழுதேன். திரும்பிப் போனதும் தோள்ல இருந்த பட்டையப் புடுங்கிட்டு உள்ள போட்டுட்டாங்க. யாருகிட்டயும் இத நான் சொன்னதில்ல. அப்புறம் நான் ஓடியாரல. காடு முள்ளாப் போச்சு."

சீனியம்மா விசுக்குன்னு எந்திரிச்சாளாம்.

அங்கருந்து நேரா மதினி வேலுத்தாய் வீட்டுக்குப் போனா. வேலுத்தாய்தான் கொண்டல்சாமிக்கு அம்மா. போன வேளை, வேலுத்தாய் ஒரு கடுதாசிய மடியில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா.

"என்ன மதினி?"

"வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு சீனி. மழ விழுந்துட்டா நான் வந்துருவேன், நீ ஒத்தையில காட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணுவன்னு எழுதியிருக்கான். பயிற்சி முடியாம ஓடியாந்தா பேரை அடிச்சிருவாகளாமே? திரும்பச் சேக்கவே மாட்டாகளாமே? அப்பனத் தின்ன வீட்டுக்கு இருக்குறது அந்த ஒரு வேலைதான்!"

சீனியம்மா தலையில கை வச்சு உக்காந்துட்டாளாம். "அடப் பாவி! சத்தியம் பண்ணுற எடத்துல நிக்கவே மாட்டான் போலருக்கு. நான் என்னத்துக்குக் கடைகடையா ஏறி எறங்குனேன்!"

அப்புறம் எந்திரிச்சா. "மதினி, அழுகைய நிறுத்து. வெதக் கம்பு வச்சிருக்கியா?"

"இருக்கு."

"எடுத்துப் பொடச்சு வையி. அத்தை சீரு என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஐப்பசி ஏழாம் தேதி மழ விழுந்துச்சாம். நல்ல மழ. மறுநாள் விடிஞ்சதும் குமரையா மாட்ட ஓட்டப் போனா, தொழுவத்துல மாடு இல்ல. என்னடான்னு பாத்தா, கொண்டல்சாமி காட்டுல ஏரப் பூட்டி மேழியப் பிடிச்சுக்கிட்டு சீனியம்மா நிக்கிறா. பின்னால வேலுத்தாய் வெதப்பெட்டியோட நிக்கிறா.

பொம்பள மேழியத் தொடக் கூடாதுன்னு இருந்த காலம் அது. வெத போடலாம், களையெடுக்கலாம், கதிரறுக்கலாம், வெயில்ல கெடந்து சாகலாம். மேழிய மட்டும் தொடக் கூடாது. தொட்டா மழ நின்னு போகுமாம். யாரு சொன்னாகளோ!

குமரையா ஓடியாந்தாரு. ஊரே ஓடியாந்துச்சு.

"ஏ சீனி! ஊரக் கெடுக்காத! மேழிய விடு!"

"விட்டா யாரு பிடிப்பா? நீங்க பிடிக்கிறீகளா அண்ணாச்சி? இந்தக் காட்ட மொதல்ல உழுதுட்டு உங்க காட்டுக்குப் போறீகளா?"

குமரையா தன் காட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாரு.

"மாடு கெடைக்கலன்னு ஒரு வருத்தம், அதுக்கு மழயக் கூப்புடுறீக. தள்ளி நில்லுங்க. இது எம் மருமகனுக்கு நான் செய்யுற சீரு. சீருத் தட்டத் தட்டி விடுறவனுக்கு என்ன பேருன்னு எல்லாரும் இருக்கையில சொல்லவா?"

மாட்ட அதட்டுனா. ஏரு நகந்துச்சு. மொதச் சாலு நேராவா போச்சு? எங்க போச்சு! செவல ஒரு பக்கம் இழுக்க, மயில ஒரு பக்கம் இழுக்க, பாம்பு ஊந்த கணக்கா வளைஞ்சு வளைஞ்சு போச்சாம். ஆம்பளைக சிரிச்சாக. சீனியம்மா திரும்பிப் பாக்கல. ரெண்டாஞ் சாலு கொஞ்சம் நிமிந்துச்சு. பத்தாஞ் சாலு போடையில உள்ளங்கை ரெண்டும் பொத்துப்போச்சு. முந்தானையக் கிழிச்சுச் சுத்திக்கிட்டு உழுதாளாம்.

பொழுது சாய ஒரு ஏக்கர் முடிஞ்சுது. வரப்புல சோலையப்பன் நின்னாரு. எப்ப வந்தாரோ, யாருக்கும் தெரியல.

"தள்ளு தாயி, நாளைக்கு நான் பிடிக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு வேற வேலை இருக்கு. டவுனுக்குப் போயி அந்தப் பயலுக்குத் தந்தி அடிச்சிருங்க. காடு வெதச்சாச்சு, வராதேன்னு அடிங்க. அத்தைன்னு பேரு போடுங்க."

சோலையப்பன் அப்பவே நடந்தாராம். எட்டு மைல்.

இங்கதான் ஒரு கூத்து நடந்துச்சு. அந்தக் காலத்துல தந்தின்னா சாவுச் சேதி. கேம்புல தந்தி வந்துருக்குன்னு கொண்டல்சாமியக் கூப்பிட்டதும், கூட இருந்த பயலுகளெல்லாம் பிரிச்சுப் பாக்குறதுக்கு முந்தியே அவனக் கட்டிப் பிடிச்சு அழ ஆரம்பிச்சிட்டானுகளாம். ஒருத்தன், "அம்மாவா, பாட்டியாடா?"ன்னு வேற கேட்டிருக்கான். தந்தி இங்கிலீசுல இருக்க, இவன் ஒரு ஆபீசரக் கூட்டிப் படிக்கச் சொன்னா, காடு வெதச்சாச்சாம்! அன்னைக்குக் கேம்பே சிரிச்சுச்சாம். அவன் மட்டும் சிரிக்கலையாம். கட்டிலுக்கு அடியில மூட்டையக் கட்டி வச்சிருந்தான் பாத்துக்கோங்க. ஊருல மழ விழுந்துருக்கும்னு, மறுநாள் காலையில ஓடுறதுக்கு. அந்த மூட்டைய அவுத்துச் சட்டைய மடிச்சு வச்சானாம்.

இங்க சீனியம்மா மூணு நாளும் உழுதா. மூணு ஏக்கரும் முடிஞ்சுது. அவ காடு? அத மறந்தே போனா. தந்தி அடிச்சுட்டு வந்த சோலையப்பன், எங்கயோ ஒரு சோடி மாட்ட எரவல் வாங்கி, யாருகிட்டயும் சொல்லாம அவ காட்ட உழுதுக்கிட்டு இருந்தாராம். பாதிக் காட்டுக்குத்தான் ஈரம் நின்னுச்சு. மீதி காஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் எட்டு நாளு சொட்டு மழ இல்ல. பாக்கணுமே ஊரு வாய! "பாத்தீகளா, பொம்பள மேழி பிடிச்சா"ன்னு கெணத்தடியில, கோயில்ல, களத்துல இதே பேச்சு. அவ கொடத்த எடுத்துட்டு வந்தா மத்தவளுக எந்திரிச்சுப் போவாளுகளாம். சீனியம்மாவும் பயந்துதான் போனா. யாரு பயப்பட மாட்டா? எட்டு நாளும் மானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சுப் போச்சாம்.

ஒம்பதாம் நாளு பேஞ்சுது. அவ உழுத காட்டுலயும் பேஞ்சுது, அவளத் திட்டுனவன் காட்டுலயும் பேஞ்சுது. அதோட அந்தப் பேச்சு அத்துப்போச்சு.

மாசியில சத்தியம் பண்ணிட்டு, பங்குனியில கொண்டல்சாமி லீவுல வந்தான். சொந்தமெல்லாம் கூடிருச்சு. பெரியப்பன் கைக்கடிகாரத்தக் கட்டுனாரு. தாய்மாமன் மோதிரத்தப் போட்டாரு. கூட்டத்துல ஒரு பொம்பளைக்கு வாயி சும்மா இருக்கல. "அத்தைக்காரி கையி வெறுங்கையால்ல இருக்கு?"

சீனியம்மா கையப் பின்னால கட்டிக்கிட்டா. உள்ளங்கை இன்னும் காப்புக் காய்ச்சுக் கெடந்துச்சு.

கொண்டல்சாமி சொன்னானாம். "கடிகாரத்தையும் மோதிரத்தையும் போட்டுக்கிடுற எடத்துல என்னய நிக்க வச்சதே எங்க அத்தைதான். அது இல்லன்னா இந்நேரம் இங்க கோமணத்தோட நின்னுருப்பேன்."

சொல்லிட்டு அத்தை கை ரெண்டையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அவ, "போடா கிறுக்குப் பயலே"ன்னு சொல்லிட்டு அழுதாளாம். கூடி நின்னவகளும் அழுதாகளாம். அழாம என்ன செய்வாக?

அப்புறம் அவன் சாப்பிட்டான், வேப்ப மரத்தடியில கயித்துக் கட்டிலப் போட்டான், படுத்தான். தூங்குனான். அன்னைக்கு முழுக்கத் தூங்குனான். மறுநாளும் தூங்குனான். ஊரு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நடந்து நடந்து வேடிக்க பாத்துச்சாம். ஏன்னா, பட்டாளத்துக்காரன் லீவுல வந்தா மம்பட்டியத் தூக்குவான், முள்ளு வெட்டுவான், லீவு முடியுற அன்னைக்குக் கையில கொப்பளத்தோட ரயிலு ஏறுவான். தூங்குனவன இந்த ஊரு அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

சோலையப்பன் வந்து கட்டில் பக்கத்துல நின்னாராம். ரொம்ப நேரம் பாத்தாராம். "பதினோரு லீவு வந்தேன் தாயி. ஒரு லீவுலகூட நான் இப்படிப் படுக்கல"ன்னு சொல்லிட்டுத் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போனாராம்.

மறு வருசம் மேகம் ஏறுனதும் ரெண்டு பொம்பளைக சீனியம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னாளுக. ரெண்டு பேரு அண்ணன் மகன்களும் பட்டாளத்துல. மேழி எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுன்னு கேட்டாளுக. அதுக்கு அடுத்த வருசம் குமரையாவோட மகன் வழிப் பேரன் பட்டாளத்துக்குப் போனான். குமரையாவே தன் மகளக் கூட்டிக்கிட்டு வந்தாரு. சீனியம்மா லேசுல விட்டாளா? "மழ நின்னு போகுமே அண்ணாச்சி?"ன்னு மூணு தடவ கேட்டுட்டுத்தான் சொல்லிக் கொடுத்தாளாம்.

அதுக்குத்தான் அத்தைச் சாலுன்னு பேரு. இந்த ஊருல யாரு பட்டாளத்துக்குப் போனாலும், மழ விழுந்ததும் அவுக அத்தை வந்து ஏரப் பிடிச்சு அவுக காட்டுல மொதச் சாலு போடணும். போன வருசம் பொம்பளப் புள்ள ஒண்ணு சேந்துச்சே, அதுக்கும் போட்டாக. அத்தை இல்லாதவனுக்கு எந்தப் பொம்பளையும் அத்தைதான். காடு இல்லாதவன் பேரச் சொல்லிக் கோயில் காட்டுல ஒரு சாலு போடுவாக. இப்ப ஊருக்குள்ள ஏழு டிராக்டர் வந்துருச்சு. ஏழும் அன்னைக்குக் காலையில வரப்புல வரிசையா நிக்கும். எம்புட்டு ஈரம் இருந்தாலும், எவன் எம்புட்டு அவசரக்காரனா இருந்தாலும் எறக்க மாட்டான். உடையங்கரிசல்ல மொத ஏரு, ஊருல இல்லாத புள்ள காட்டுலதான் எறங்கும்.